உறைகிணறும் மண்ணியல்பும்

பழந்தமிழ் ஊர்களின் அகழாய்வில் வெளிப்படும் உறைகிணறுகள் குடிநீர்க்கு உரியனவோ, கழிவுநீரை மண்ணுள் இறக்குதற்கு அமைந்தனவோ என்பது ஆராய்தற்குரியது. வடபுலத்துத் தட்சசீலத்திலும் அத்தினாபுரத்திலும் கண்ட இத்தகைய குழிகள் பலவற்றைக் கழிவுநீர்க் குழிகள் என்றே அறிஞர் கொண்டனர். அம்முடிபைத் தமிழகத்திற்கும் அவ்வாறே பொருத்துதல் சாலாது.

சுட்டமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதற்கு முதற்காரணம் மண்ணின் நெகிழ்வே. ஆற்றுவண்டலிலும் கடற்கரை மணலிலும் தோண்டிய குழி நில்லாது சரியும். இறுகிய சரளை நிலத்திலோ உறையின்றியே நிற்கும். கரிசலில் நீர் எளிதிற் கீழிறங்காமையின் ஆங்குக் கழிவுக்குழி பெரிதும் பயன்படாது. மழையில் விரிந்து கோடையில் வெடிக்கும் அம்மண் கட்டடச் சுவரையும் பிளப்பது உழவர் அறிந்ததே. காவிரிப்பூம்பட்டினம், 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு, வைகைக்கரையை அடுத்த கீழடி ஆகிய மூன்றும் மணலும் வண்டலும் சார்ந்த நிலத்தன. மூன்றிலும் உறைகிணறு உண்டு. பட்டினப்பாலை அதனைப் புறச்சேரியோடு சார்த்திக் கூறுதலும் நோக்கத்தக்கது.

ஆயின் மணல், நீரைத் தருதலும் ஏற்றலும் ஒருங்கே உடையது. ஆகலின் உறையை மட்டும் கண்டு பயனைத் துணிதல் இயலாது. அடியுறை பண்டை நீர்மட்டத்தைத் தொட்டதா, அதன்கீழ்ப் படிந்தது தூய மணலா, மக்கிய கழிவா என்பனவே சான்றாவன. உறையின் விட்டத்தை அளப்போர் அவ்வடிமண்ணையும் தனியே எடுத்து ஆராய்தல் வேண்டும். வாரிக் கொட்டியபின் அது மீண்டும் கிடைப்பதன்று.