ஓடும் கெர்னலுக்குள் சிசிடிவி: 'எஃப்ட்ரேஸ்' புராசஸர் மாறும்போது ஏன் இவ்வளவு சிக்கல்?

உங்கள் ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஆப்பைத் திறக்கிறீர்கள். அரை நொடி அப்படியே நின்றுவிட்டு, அப்புறம்தான் திறக்கிறது. அந்த அரை நொடி எங்கே போச்சு?

இதைக் கண்டுபிடிக்க ஆப்பை மட்டும் பார்த்தால் போதாது. அடியில் ஓடும் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே எட்டிப் பார்க்கணும். அதற்காக கெர்னலிலேயே இருக்கும் வசதிதான் 'எஃப்ட்ரேஸ்'. ஆண்ட்ராய்டு போன்களை ஆராய கூகுள் தரும் 'பெர்ஃபெட்டோ' கருவியும் கெர்னல் தகவலை இதன் வழியாகத்தான் எடுக்கிறது.

ஒரு புராசஸரில் நன்றாக ஓடும் இந்த வசதியை இன்னொரு வகை புராசஸருக்குக் கொண்டுபோவது சாதாரண வேலை இல்லை. அதன் பின்னணி என்ன?

எஃப்ட்ரேஸ் என்ன செய்யும்?

கெர்னலில் பல்லாயிரம் ஃபங்ஷன்கள் உண்டு. எது எப்போது கூப்பிடப்பட்டது, எவ்வளவு நேரம் ஓடியது என்று எஃப்ட்ரேஸ் குறித்து வைக்கும். கெர்னலை நிறுத்தவோ, ரீபூட் செய்யவோ வேண்டாம். தேவைப்படும்போது ஆன், முடிந்ததும் ஆஃப்.

ரியல்டைம் கெர்னலுக்காக இங்கோ மோல்நார் எழுதிய தாமதம் அளக்கும் கருவியில் இதன் வேர் இருக்கிறது. ஸ்டீவன் ரோஸ்டெட் அதை வளர்த்தெடுக்க, 2008-ல் 2.6.27 பதிப்பில் முதன்மை லினக்ஸுக்குள் வந்தது.

சூட்சுமம் கம்பைலரில் இருக்கிறது. ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலிலும் கம்பைலர் கொஞ்சம் இடம் விட்டு வைக்கும். சாதாரண நேரத்தில் அங்கே இருப்பது 'நோப்', அதாவது 'ஒன்றும் செய்யாதே' என்ற கட்டளை. ட்ரேசிங்கை ஆன் செய்தால் அதே இடத்தில் 'ட்ரேசரைக் கூப்பிடு' என்ற கட்டளை எழுதப்படும். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் தன் கோடைத் தானே திருத்தி எழுதுகிறது. ஆபத்தும் இங்கேதான்.

2008-ல் நடந்த விபரீதம்

2008 செப்டம்பரில் 2.6.27-ன் சோதனைப் பதிப்பைப் போட்டவர்களிடம் இருந்து விசித்திரமான புகார்கள் வந்தன. இன்டெலின் 'இ1000இ' டிரைவரில் ஓடும் நெட்வொர்க் கார்டுகள் செத்துப்போயின. ரீபூட் செய்தாலும் சரியாகவில்லை. கார்டுக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் தகவலே அழிந்திருந்தது.

முதலில் சந்தேகம் நெட்வொர்க் டிரைவர் மீதும் கிராஃபிக்ஸ் மீதும் போனது. கடைசியில் மாட்டியது, யாரும் எதிர்பார்க்காத எஃப்ட்ரேஸ்.

அன்றைய எஃப்ட்ரேஸ், திருத்த வேண்டிய முகவரிகளைக் குறித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுதும். அதற்குள் சில மாட்யூல்களின் தொடக்கக் கோடு நினைவகத்தில் இருந்து நீக்கப்பட்டு, அதே முகவரி நெட்வொர்க் கார்டின் ஃப்ளாஷ் பகுதிக்குப் போய்விட்டது. 'பழைய கோடு அங்கேயே இருந்தால் மட்டும் மாற்று' என்ற பாதுகாப்புக் கட்டளையைத்தான் எஃப்ட்ரேஸ் பயன்படுத்தியது. ஆனால் எக்ஸ்86 புராசஸரில் அந்தக் கட்டளை, ஒப்பீடு தோற்றாலும் இருந்த மதிப்பையே திரும்ப எழுதிவிடும். சாதாரண ரேமில் இதனால் பாதிப்பில்லை, ஃப்ளாஷில் நாசம்.

அடுத்து வந்த 2.6.27.1-ல் இந்த வசதி மூடப்பட்டது. பிறகு, ஃபங்ஷன் முகவரிகளை கெர்னலை உருவாக்கும் நேரத்திலேயே பட்டியலிடும் முறைக்கு எஃப்ட்ரேஸ் மாறியது.

புராசஸர் மாறினால் என்ன மாறும்?

கிட்டத்தட்ட எல்லாமே. எக்ஸ்86-ல் ஒரு கட்டளை 1 பைட்டாகவும் இருக்கலாம், 15 பைட்டாகவும் இருக்கலாம். எஃப்ட்ரேஸுக்கு வேண்டியது 5 பைட். நடுவில் இன்னொரு கோர் அதே இடத்தைப் படித்தால் பாதி பழசு, பாதி புதுசு கிடைக்கும். அதனால் முதல் பைட்டில் ஒரு பிரேக்பாயின்ட்டை வைத்து, மீதியை மாற்றி, கடைசியில் முதல் பைட்டைச் சரிசெய்கிறார்கள். சாலையில் தடுப்பு வைத்துவிட்டுப் பள்ளம் தோண்டுகிற மாதிரி.

போன்களில் இருக்கும் ஆர்ம்64-ல் எல்லாக் கட்டளையும் 4 பைட். ஒரே எழுத்தில் மாற்றிவிடலாம், இது நிம்மதி. ஆனால் வேறு தொல்லை. எக்ஸ்86-ல் 'எங்கே திரும்பணும்' என்ற முகவரி ஸ்டாக்கில் போய் உட்காரும். ஆர்ம்64-ல் அது ஒரு ரெஜிஸ்டரில் இருக்கும். ட்ரேசரைக் கூப்பிட்டதுமே அது அழிந்துவிடும். அதனால் வாசலில் இரண்டு கட்டளை இடம் வேண்டும்: முதலாவது பழைய முகவரியைப் பத்திரப்படுத்தும், இரண்டாவது ட்ரேசரைக் கூப்பிடும்.

எழுதிய கோடு உடனே அமலுக்கு வருமா என்பது தனிப் பிரச்னை. எக்ஸ்86-ல் கேஷ் விஷயத்தை ஹார்டுவேரே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் இரண்டிலும் 'பழைய கட்டளையை மறந்துவிடு' என்று மென்பொருள்தான் சொல்லணும். ரிஸ்க்-ஃபைவில் அந்தக் கட்டளை சொன்ன கோருக்கு மட்டுமே பொருந்தும். மற்ற கோர்களுக்குத் தனியாகத் தகவல் அனுப்பணும்.

ரிஸ்க்-ஃபைவின் தலைவலி

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-ல் தொடங்கிய திறந்த வடிவமைப்பு ரிஸ்க்-ஃபைவ். சென்னை ஐஐடியின் 'சக்தி' புராசஸரும் இதே குடும்பம்தான்.

இதில் ஒற்றைக் கட்டளையால் 1 எம்பி தூரம்தான் தாவ முடியும். ஆர்ம்64-ல் 128 எம்பி. கெர்னலுக்கு 1 எம்பி எந்த மூலைக்கு? எனவே இரண்டு கட்டளைகள் ஜோடியாக வேண்டும். முதலாவது முகவரியின் பெரிய பகுதியை ரெஜிஸ்டரில் வைக்கும். இரண்டாவது மீதியைக் கூட்டித் தாவும்.

ஒரு வேலை முதல் இடத்தில் இருந்த நோப்பை முடித்த நொடியில் இடைநிறுத்தப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் பார்த்து இரண்டு கட்டளைகளும் மாற்றப்படுகின்றன. வேலை திரும்ப வரும்போது நேராக இரண்டாவது கட்டளைதான் ஓடும். ரெஜிஸ்டரில் இருப்பதோ ஏதோ ஒரு குப்பை மதிப்பு. எங்கேயோ தாவி, கெர்னல் கிராஷ்! எல்லாக் கோர்களையும் நிறுத்திவிட்டு மாற்றினாலும் பயனில்லை, ஏனென்றால் அந்த வேலை அப்போது எந்தக் கோரிலும் ஓடவில்லை, நடுவழியில் தூங்குகிறது.

2023-ல் எடுத்த முடிவு கொஞ்சம் கசப்பானது: வேலைகளை இப்படி இடைநிறுத்தும் வகை கெர்னலாக இருந்தால் ரிஸ்க்-ஃபைவில் ஃபங்ஷன் ட்ரேசிங்கே கிடையாது. தாமதத்தைத் துரத்தும் ரியல்டைம் ஆட்களுக்காகப் பிறந்த கருவி, அவர்களுக்கே இல்லாமல் போனது. 2024 நவம்பரில் 6.12 பதிப்பில் எக்ஸ்86, ஆர்ம்64, ரிஸ்க்-ஃபைவ் மூன்றுக்கும் ரியல்டைம் வசதி வந்தபோதும் இந்தக் குறை நீடித்தது.

எப்படித் தீர்ந்தது?

விடை கேட்டால் 'அட, இவ்வளவுதானா' என்று தோன்றும். முதல் கட்டளையைத் தொடவே கூடாது. ட்ரேசிங் ஆஃபில் இருந்தாலும் அது அங்கேயே இருந்து ரெஜிஸ்டரை நிரப்பிக்கொண்டே இருக்கட்டும். இரண்டாவது கட்டளையை மட்டும் நோப்புக்கும் தாவலுக்கும் நடுவே மாற்றினால் போதும். அது 4 பைட், ஒரே எழுத்தில் முடியும். யார் எந்த நொடியில் நின்றிருந்தாலும் ரெஜிஸ்டரில் சரியான மதிப்பு இருக்கும்.

இதற்கு விலையும் உண்டு. தாவல் எப்போதும் ஒரே பொது இடத்துக்குத்தான் போகும். எந்த ட்ரேசரை ஓட்டணும் என்பதை அங்கே போய்த்தான் பார்க்கணும். ட்ரேசிங் இல்லாதபோதும் ஒவ்வொரு ஃபங்ஷனிலும் கூடுதலாக ஒரு சின்னக் கட்டளை ஓடும். இந்த முறை 2025-ல் 6.16 பதிப்பில் லினக்ஸுக்குள் சேர்ந்தது.

எந்த வசதி எந்தப் புராசஸரில் தயார், எது இன்னும் பாக்கி என்ற அட்டவணைகள் கெர்னல் கோடுடனேயே வருகின்றன. அவற்றில் பல புராசஸர்களுக்கு எதிரே இன்னமும் 'டுடூ' என்றே எழுதியிருக்கிறது.