கயிறு அறுந்தால் யார் பிரேக் பிடிப்பது?

அமெரிக்காவிலிருக்கும் அண்ணன் மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். பஸ் அளவில் வீட்டு வண்டி; பின்னால் அவர்களுடைய கார், ஆளில்லாமல் உருண்டு வருகிறது. இணைக்க இரும்புச் சட்டம், காப்புச் சங்கிலி, விளக்குக்கு ஒயர். இணைப்பு அறுந்தால் தானே பிடிக்கிற பிரேக் ஒன்றும் காருக்குள் உண்டாம்.

எனக்கு ஏற்காடு நினைவுக்கு வந்தது. 1991. சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியில் எங்கள் அம்பாசிடர் படுத்துவிட்டது. ஒரு லாரிக்காரர் கயிறு கட்டினார். 1989 சாலை விதிகளில் 20-வதை ஆபீசில் எத்தனை முறை தட்டச்சு செய்திருப்பேன்! இழுபடும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும், இடைவெளி 5 மீட்டருக்குள், வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்குள். ஆள் எதற்கென்று அன்றுதான் புரிந்தது. அடுத்த வளைவில் கயிறு அறுந்தது. பிரேக்கை அழுத்தியும் கார் பின்னால் வழுக்கியது. பின்சீட்டில் மனைவியும் குழந்தையும். கிளீனர் பையன் குதித்தோடி வந்து சக்கரத்துக்குக் கட்டை வைத்தான்.

தேருக்கு வைக்கிற அதே முட்டுக்கட்டைதான். புதுச்சேரிப் பள்ளியில் பிரெஞ்சில் ‘சபோ’ என்றால் மரச்செருப்பு என்று படித்தேன். வண்டிச் சக்கரத்தை நிறுத்தும் கட்டைக்கும் அவர்களுக்கு அதே சொல்.

அந்தப் பையனின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.