பேழையிலிருந்து பார்வைக்கு: தஞ்சைச் சுவடிகளும் திருச்சபையின் கடமையும்

நூல்களைச் சேர்ப்பதால் மட்டும் ஒரு நூலகம் நிறைவுறுவதில்லை. சேர்த்தவற்றை முறைப்படுத்தி அட்டவணை வகுப்பது இரண்டாம் பணி. கற்றோரும் மற்றோரும் கண்டும் கேட்டும் பயன்கொள்ளுமாறு அவற்றைத் திறந்து வைப்பது மூன்றாம் பணி. இம்மூன்றும் எவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறின என்பதைத் தஞ்சை அரண்மனை வளாகத்திலுள்ள சரசுவதி மகால் நூலகத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அவ்வரலாறு நம் திருச்சபையின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பதால், அதனின்று நாம் கற்கவேண்டிய பாடமும் உண்டு.

நாயக்க மன்னர் காலத்தில் அரண்மனையில் தோன்றிய இச்சுவடித் தொகுப்பை மராட்டிய மன்னர்கள் வளர்த்தனர். பெரிதும் விரிவாக்கியவர் இரண்டாம் சரபோஜி மன்னர் (1777–1832). இளமையில் இவருக்குப் பாதுகாவலராகவும் ஆசானாகவும் விளங்கியவர் சுவார்ட்ஸ் ஐயர். ஐயர் 1798 பிப்ரவரியில் மறைந்தார். அதே ஆண்டிலேயே சரபோஜி அரியணை ஏறினார். 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கம்பெனியாரிடம் சென்றது. கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே மன்னருக்கு எஞ்சின. அரசியலில் குறுகிய அவர் வாழ்வு கல்வியில் விரிந்தது. மருத்துவம், உடற்கூறு, இயற்கை நூல் முதலிய துறைகளில் ஐரோப்பிய மொழி நூல்களை வரவழைத்தார். அவற்றுள் பலவற்றில் அவருடைய கையொப்பத்தை இன்றும் காணலாம். 1820-இல் தொடங்கிய காசி யாத்திரையின்போதும் சுவடிகளைத் திரட்டினார்.

மன்னர் ஞானஸ்நானம் பெறவில்லை. இறுதிவரை தம் முன்னோர் சமயத்திலேயே நிலைத்திருந்தார். ஆயினும் தம் ஆசானுக்கு இலண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல் நினைவுச் சின்னம் செய்வித்தார். மரணப் படுக்கையிலிருக்கும் ஐயரை மன்னர் சந்திக்கும் அக்காட்சி தஞ்சை ஆலயத்தில் இன்றும் உள்ளது. அருட்பணியின் பலனை ஞானஸ்நானப் பதிவேட்டை மட்டும் கொண்டு அளப்போர் இந்நூலகத்தையும் ஒருமுறை சென்று காணவேண்டும்.

இரண்டாம் பணியைப் பெரும் அளவில் செய்தவர் ஆங்கில அதிகாரியும் வடமொழி அறிஞருமாகிய பர்னல். அவர் தொகுத்த வடமொழிச் சுவடி அட்டவணை 1880-இல் வெளிவந்தது. அதன் பின்னரும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தே, 1918-இல், நூலகம் பொதுமக்களுக்குரியதாயிற்று. 1983-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 49,000 சுவடிகளில் பெரும்பகுதி வடமொழியில் உள்ளது. தமிழ், தெலுங்கு, மராத்திச் சுவடிகளும் உள. நூலகக் காட்சிக்கூடத்தில் ஓலைச்சுவடிகளும், தேசப்படங்களும், மனித முகத்தை விலங்கின் முகத்தோடு ஒப்பிட்டு லெ பிரன் என்னும் பிரெஞ்சு ஓவியர் வரைந்த படங்களும் வைக்கப்பட்டுள்ளன.

எனினும் கண்ணாடிப் பேழை ஒரு நூலின் ஒரு பக்கத்தையே காட்டவல்லது. எஞ்சிய பக்கங்களைத் திறப்பது அறிஞரின் சொல்லேயாம். இங்குதான் பல்கலைக்கழகத்தின் துணை தேவைப்படுகிறது. 1981-இல் தஞ்சையில் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகம் ஓலைச்சுவடிக்கும் அரிய கையெழுத்துச் சுவடிக்கும் தனித்தனித் துறைகளைக் கொண்டது. அறக்கட்டளைச் சொற்பொழிவுகளையும் நடத்திவருகிறது. மராட்டிய அரசின் கணக்குகளும் கடிதங்களும் மோடி எழுத்தில் இருந்தமையால், அவற்றைப் படிக்கவல்லோர் மிகச் சிலரே. அவ்வாவணங்களின் தமிழாக்கத்தை இப்பல்கலைக்கழகம் 1989-இல் வெளியிட்டது. அதனால் அரண்மனையின் அன்றாட வாழ்வு தமிழ் மட்டும் அறிந்தோர்க்கும் எட்டியது.

இந்நெறி நமக்குப் புதியதன்று. இதே காவிரி கடலைச் சேரும் நாட்டில், தரங்கம்பாடியில், 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயர், இரண்டே ஆண்டுகளில், தாம் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு அட்டவணை எழுதினார். தரங்கம்பாடியிலிருந்து சென்ற ஓலைச்சுவடிகள் செருமனியின் ஹாலே நகரில் காக்கப்படுகின்றன. அந்நகர் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் 18-ஆம் நூற்றாண்டிலேயே அரும்பொருட்கூடம் ஒன்று இருந்தது. தரங்கம்பாடியில் ஐயர் வாழ்ந்த இல்லமும் 2017-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

ஆயின் நம் சபைகளின் நிலை யாது? ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள், உபதேசிமாரின் நாட்குறிப்புகள், சபைச் சங்கக் குறிப்பேடுகள் ஆகியவை இருக்கும் பெட்டிகளில் பல இன்னும் திறக்கப்படவில்லை. டெல்டாவின் ஈரமும் கரையானும் நமக்காகக் காத்திருப்பதில்லை. அதனினும் பெரிய இடையூறு நம் மனத்தில் உள்ளது. பெருமை தருவதைக் காட்டி, நாணம் தருவதை மறைக்க விரும்புகிறோம். சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி பயின்ற வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்களை மகிழ்ந்து பாடுகிறோம். சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்குமாறு 1833-இல் பேராயர் வில்சன் விடுத்த சுற்றறிக்கையைத் தஞ்சைச் சபையார் பலர் எதிர்த்ததையும், சாஸ்திரியார் தாமே சாதி வழக்கத்திற்குச் சார்பாக எழுதியதையும் பேசத் தயங்குகிறோம். சலவைக்கல்லைக் காட்டி இவ்வழக்கை மறைக்கும் கண்காட்சி பாதி வரலாறே. திருவிருந்திலும் தனித்து நிறுத்தப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அக்கண்காட்சியில் தம் முன்னோரைத் தேடினால், அவர்கள் காண்பது என்ன?

நெகேமியாவின் புத்தகம் எட்டாம் அதிகாரம் இங்கு நினைக்கத்தக்கது. எஸ்றா நியாயப்பிரமாண நூலை ஆலயத்தின் அறைக்குள் வைத்து வாசிக்கவில்லை. தண்ணீர் வாசலின் முன்னுள்ள வீதிக்குக் கொணர்ந்தான். ஆண்களும் பெண்களும் கூடியிருக்க, மரப்பீடத்தின் மேல் நின்று அனைவரும் காணுமாறு அதைத் திறந்தான். லேவியர் அதன் பொருளை விளங்கச் செய்தனர். கேட்ட மக்கள் முதலில் அழுதனர், பின்னரே மகிழ்ந்தனர். திறந்த நூல் இவ்விரண்டையும் தரும்.

ஆதலால் ஒவ்வொரு சபைவட்டமும் தன் பழம்பதிவுகளுக்கு அட்டவணை வகுத்தல் முதற்கடன். நைந்தவற்றைப் படியெடுத்து, இறையியற் கல்லூரி நூலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ ஒரு படியைச் சேர்த்தல் அடுத்தது. ஆண்டுக்கொரு முறையேனும் அவற்றைச் சபையாரும் பிற சமயத்தாரும் காண வைத்து, அறிந்தோரைக்கொண்டு விளக்கவுரை நிகழ்த்துதல் மூன்றாவது. சரபோஜி மன்னரின் தனி உடைமையாயிருந்த தொகுப்பு 1918-இல் மக்களுடையதாயிற்று. சபையின் ஏடுகளோ தொடக்கமுதலே சபையாருடையவை. அவற்றை அவர்கள் கையில் ஒப்புவிக்க இன்னும் காலம் தாழ்த்துவது முறையன்று.