அர்த்தநாரீசுவரர், திருச்செங்கோடு

நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோட்டு மலைக்கோயிலின் மூலவர். வலப்பாதி சிவன், இடப்பாதி உமை. மாதொருபாகன், அம்மையப்பன் எனவும் வழங்குவர். பிற கோயில்களில் பெரும்பாலும் சுவர்க் கோட்டங்களில் காணப்படும் இவ்வடிவம் இங்கே நின்ற கோலத்தில் கருவறையிலேயே வழிபடப்படுகிறது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைக் ‘கொடிமாடச் செங்குன்றூர்’ என்று பாடினார். கொங்கு நாட்டின் ஏழு தேவாரத் தலங்களுள் இதுவும் ஒன்று.

உமையை விலக்கிச் சிவனை மட்டும் வலம்வந்த பிருங்கி முனிவர் உடல்வலு இழந்தார் என்பது இவ்வடிவத்தோடு தொடர்புடைய புராணக் கதை. சக்தியின்றிச் சிவவழிபாடு நிறைவுறாது என்பது அதன் உட்பொருள். இங்கே பெண்ணுடல் தெய்வத்தின் சரிபாதி. சிவனடியாரான காரைக்கால் அம்மையாரோ தம் அழகுடலை உதறிச் சிவனிடம் பேயுருவை வேண்டிப் பெற்றவர். இடைக்காலச் சைவம் பெண்மையைக் கண்ட இருவேறு நோக்குகள் இவை.