பூட்டியின் பெயர் என்ன?

எம்மவர் இருவர் எங்கே சந்தித்தாலும் முதலில் எழும் கேள்வி, “நீங்கள் எந்த ஊர்?” என்பதே. எமக்கு முன்பே உலகெங்கும் சிதறி, இதே கேள்வியைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருபவர்கள் ஐரிஷ் மக்கள். அவர்களுள் ஒரு குடும்பத்தின் கதையை இங்கு பார்ப்போம்.

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. ஏழைகளின் பிரதான உணவே அதுதான். 1852 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். 10 இலட்சத்துக்கும் அதிகமானோர் கப்பலேறினர். வெக்ஸ்போட் மாவட்டத்தின் டங்கன்ஸ்ரவுண் கிராமத்துப் பற்றிக் கென்னடியும் அக்காலத்திலேயே அமெரிக்காவின் பொஸ்டன் நகரை அடைந்தார். அங்கே மரப்பீப்பாய் செய்யும் தொழில் பார்த்தார். 1849இல், அதே வெக்ஸ்போட்டிலிருந்து வந்த பிறிஜெற் மேர்பியை மணந்தார்.

1858 நவம்பரில் பற்றிக் இறந்தபோது கடைசி மகனுக்குப் பத்து மாதம். நான்கு பிள்ளைகளோடு தனித்துநின்ற பிறிஜெற் உழைத்துப் பிழைத்தார். சிறு கடையொன்றை நடத்தினார். அந்தக் கடைசி மகன் துறைமுகத்தில் வேலை செய்து, மதுச்சாலை உரிமையாளராகி, பின்னர் மாநிலச் சட்டசபை உறுப்பினரானார். அவருடைய மகன் ஜோசப் 1938இல் பிரித்தானியாவுக்கான அமெரிக்கத் தூதுவரானார். ஜோசப்பின் மகன் ஜோன் 1961இல் அமெரிக்க ஜனாதிபதியானார்.

1963 ஜூனில் ஜோன் கென்னடி டங்கன்ஸ்ரவுணுக்குச் சென்றார். பூட்டனார் விட்டுச்சென்ற பண்ணையில் அப்போதும் உறவினர் வாழ்ந்தனர். தேநீர் கொடுத்து வரவேற்றனர். ஐந்து மாதங்களின் பின் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

புகழ்பெற்ற குடும்பமாதலால் இவ்வளவும் தெரிகிறது. ஏனையோருக்குத் தேடல் எளிதன்று. 1922இல், உள்நாட்டுப் போரின்போது, டப்ளினின் பொதுப் பதிவேட்டுச் சாலை எரிந்தது. பஞ்சத்துக்கு முன்னும் பஞ்ச காலத்திலும் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டு ஏடுகளிற் பெரும்பாலானவை சாம்பலாயின. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த எமக்கு அந்த இழப்பை விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஐரிஷ் மக்கள் தேடலை நிறுத்தவில்லை. நில மதிப்பீட்டு ஏடுகளிலும் 1901, 1911 குடிசன மதிப்பீடுகளிலும் தேடினர். கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள் பெரிதும் கைகொடுத்தன. அவற்றில் பெரும்பாலும் தாயின் பெயர், அவளது பிறந்தவீட்டுப் பெயரோடு எழுதப்பட்டிருந்தது. கென்னடி வீட்டுக்கு வந்தபின்னும் பிறிஜெற்றை மேர்பி வீட்டுப் பெண்ணாக அடையாளம் காண வழிசெய்வது இவ்வழக்கமே.

எமது பெயர்களிலோ முன்னெழுத்தாக முதலில் தகப்பன் பெயர் நிற்கும். மணமானபின் கணவன் பெயர் வரும். தாயின் பெயருக்கு இடமில்லை. அம்மம்மாவின் பெயரைச் சொல்வோம். அவருடைய தாயாரின் பெயரைக் கேட்டால் எம்மில் எத்தனை பேர் சொல்வோம்? பத்திரங்களையும் படங்களையும் விட்டுவிட்டு இடம்பெயர்ந்த எம்மிடம், பல வீடுகளில் மிஞ்சியிருப்பது முதியவர்களின் ஞாபகம் மட்டுமே.

ஆகவே, ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ இம்மலரைக் கையிலெடுக்கும் சகோதரியே, இன்றே வீட்டிலுள்ள முதியவரிடம் கேளுங்கள். பூட்டியின் பெயர், பிறந்த ஊர், புகுந்த ஊர், செய்த தொழில் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். எழுதும்போது பெண்களின் பெயர்களை முதலில் எழுதுங்கள்.