முதலிபாளையம் பாறைக்குழிக் குப்பைக் கிடங்கு

திருப்பூர் புறநகரில் சிட்கோ தொழிற்பேட்டை அமைந்த ஊர் முதலிபாளையம். கல் வெட்டிக் கைவிட்ட இவ்வூர்ப் பாறைக்குழியில் மாநகராட்சி குப்பை கொட்டியதை எதிர்த்து 2025இல் மக்கள் போராடினர். குழி தயாராக இருக்கிறது, தோண்டும் செலவு இல்லை என அங்கே கொட்டுவதற்கு நியாயம் சொல்லலாம். ஆனால் குழி இருப்பதாலேயே அது கிடங்காகிவிடாது. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை நிரப்பும் இடம் குடியிருப்பு, குளம், குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றன. அடியில் 90 சென்டிமீட்டர் களிமண், மேலே 1.5 மில்லிமீட்டர் பாலித்தீன் விரிப்பு, கசிவுநீரைப் பிடிக்கும் குழாய்கள் ஆகியவற்றையும் கேட்டன. வெடி வைத்து உடைத்த பாறையிலோ விரிசல்கள் இருக்கும். குப்பையில் ஊறிக் கறுத்த மழைநீர் அவற்றின் வழியே போர்வெல்லுக்கு இறங்கக்கூடும். சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன வட்டாரம் இது. நிலத்தடி நீரில் இன்னொரு முறை விளையாட இங்கே இடமில்லை.

மாநகராட்சியின் அறுபது வார்டுக் குப்பை நாளைக் காலை எங்கே போகும் என்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை வார்டிலேயே தொடங்குகிறது. காய்கறிக் கழிவும் சோற்று மிச்சமும் தனியே பிரிந்தால் அங்கேயே உரமாகும். குழிக்குப் போவது வெகுவாகக் குறையும். பிரிப்பது நடக்காது என்போர் திருப்பூரின் பனியன் வேஸ்ட் குடோன்களைப் பார்க்கலாம்: கட்டிங் துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து, மீண்டும் நூலாக்க ஓப்பன் எண்ட் மில்களுக்கு அனுப்புகிறார்கள். எஞ்சுவதற்கு இடம் தேவைதான். அதை மண், நீர் ஆய்வு முடித்து, கிராமசபையில் வைத்த பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும்.