கோணமலைப் பதிகமும் யாழ் நூலும்

1925ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹேசில்மியர் என்னும் சிற்றூரில் ஓர் இசைவிழா தொடங்கியது. ஆர்னல்ட் டொல்மெட்ஷ் என்பவர், வழக்கொழிந்துபோன பழைய ஐரோப்பிய இசைக்கருவிகளைத் தம் பட்டறையில் மீண்டும் செய்து, தம் மக்களையும் மாணவரையும் கொண்டு வாசிக்கச்செய்த விழா அது. அதே ஆண்டில், 33 வயதுத் துறவி ஒருவர் திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றார். முந்திய ஆண்டில்தான் துறவு பூண்டு விபுலானந்தர் என்னும் பெயரைப் பெற்றிருந்தார். ஒருவரை ஒருவர் அறிந்திருந்தனர் என்று கொள்ள ஆதாரம் எதுவுமில்லை. ஆயினும் பின்னாளில் இருவரும் செய்த வேலை ஏறத்தாழ ஒன்றே. அதன் விளைவுகள் மட்டும் வெவ்வேறாயின.

என் பத்திரிகைப் பணிக்காலம் முழுவதும் ஜூலை 19ஆம் தேதியை ஒட்டி அடிகளாரைப் பற்றிய நினைவுக் கட்டுரைகள் மேசைக்கு வந்துகொண்டேயிருக்கும். காரைதீவிற் பிறந்தமை, மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்வில் தேறியமை, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம், கல்விப்பணி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர் பதவி என யாவும் நிரல்பட வரும். யாழ் நூலுக்கு ஒரேயொரு பந்தி. அந்தப் பந்தியும் பெரும்பாலும் முந்திய ஆண்டின் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டதாகவே இருக்கும். அந்நூலைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர் என்ற ஐயம் எனக்கு அன்றே உண்டு.

அடிகளார் யாழ் நூலைத் திருகோணமலையில் எழுதவில்லை. அங்கு அவர் பணியாற்றியது 1920களின் பிற்பகுதியில் சில ஆண்டுகளே. நூலுக்கான ஆய்வு அதன் பின்னர் ஏறத்தாழ 14 ஆண்டுகள் நடந்தது. ஆனால் தமிழிசை வரலாற்றை எண்ணுபவருக்குத் திருகோணமலை வெறும் துறைமுக நகரன்று. ஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் கோணமலைமீது பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் உள்ளது. இராமேசுவரத்தில் நின்று, கடலுக்கு அப்பாலிருந்தே அதனைப் பாடினார் என்பது சேக்கிழார் கூற்று. சந்தனத்தையும் கரிய அகிலையும் மணிகளையும் வாரிக்கொண்டு வந்து முத்துகளைக் கரையிற் கொழிக்கும் கடலை அப்பதிகம் காட்டுகிறது. அதன் பண் புறநீர்மை. இன்று ஓதுவார்கள் அப்பண்ணைப் பூபாள இராகத்திற் பாடுவர்.

1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். மீன் பொறித்த கல்வெட்டுத் துண்டொன்றைப் பிரெட்றிக் கோட்டையின் வாயிலில் இன்றும் காணலாம். 1950இல் கிணறு தோண்டுகையில் விக்கிரகங்கள் கிடைத்தன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கிக் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இடையே கழிந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் கல் சிதறிற்று, பதிகம் சிதறவில்லை. பாடுவோர் வாயில் இருந்தது அது.

ஆனால் அப்பதிகத்தோடு ஒலித்த கருவி எங்கே?

சம்பந்தருடன் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியாரும் தலந்தோறும் சென்றனர். குரல், துணைக்குரல், யாழ் எனச் சிலரே கூடி இசைக்கும் இவ்வமைப்பை ஐரோப்பியர் அறையிசை என்பர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய யாழ்மூரிப் பதிகம் யாழில் அடங்காமற்போகவே பாணர் அதனை உடைக்க முனைந்தார் என்பது பெரியபுராணக் கதை. அடியார் பெருமையைச் சொல்வதற்கென எழுந்த கதை இது. எனினும் இதனுள் ஒரு கருவியியல் உண்மை பொதிந்திருப்பதாகவே நான் கருதுகிறேன். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வீணையிற்போல மெட்டின்மீது நரம்பை இழுத்துக் கமகம் காட்ட அதில் வழியில்லை. குரல் வளைந்து நெளியத் தொடங்கிய காலத்தில் யாழ் பின்தங்கியது. வீணை அதன் இடத்தைப் பிடித்தது.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் இயல்பைச் சொல்லும் சில அடிகளே அடிகளாருக்கு முதற்பொருள். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என ஏழு சுரங்களுக்கு 22 அலகுகள். கணிதமும் பௌதிகமும் கற்றவராதலால் அவர் அவற்றை நரம்பின் நீள விகிதங்களாகக் கணித்தார். 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரத்தில் ஆபிரகாம் பண்டிதர் 24 அலகுகள் என்று வாதிட்டிருந்தார். அடிகளார் 22இலேயே நின்று, குரலை ஒவ்வொன்றாக மாற்றி ஏழு பாலைகளைப் பிறப்பித்து, அங்கிருந்து பண்களுக்கும் தேவாரத்துக்கும் சென்றார். வாசகரே, எளிய நூலன்று இது. பல பக்கங்களை நான் இரண்டு மூன்று முறை படிக்க நேர்ந்தது.

1947 ஜூன் 5, 6 தேதிகளில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் நூல் அரங்கேறியது. சம்பந்தரின் பாட்டுக்கு ஓடம் தானே ஆற்றைக் கடந்ததாகச் சொல்லப்படும் தலம் அது. அடிகளாரின் கணக்கின்படி செய்யப்பட்ட யாழ்கள் அங்கே இசைக்கப்பட்டன. ஆறு வாரங்கள் சென்றன. ஜூலை 19இல் அடிகளார் மறைந்தார்.

டொல்மெட்ஷுக்குப் பட்டறை இருந்தது, வாசிக்கும் குடும்பம் இருந்தது, ஆண்டுதோறும் கேட்கவரும் கூட்டம் இருந்தது. அவர் 1940இல் மறைந்த பின்னும் ஹேசில்மியர் விழா தொடர்ந்தது. பின்வந்த இசையமைப்பாளர்கள் அப்பழைய கருவிகளுக்கெனப் புதிய ஆக்கங்களும் எழுதினர். நமக்கு வாய்த்தது ஒரு நூல். அதை வணங்கினோம், மேற்கோள் காட்டினோம், பிள்ளைகளைத் தேர்வுக்கு மனனம் செய்யவைத்தோம். யாழின் பெயரால் ஒரு பட்டினமே கொண்ட இனம், யாழ் வாசிக்கும் ஒரு பரம்பரையை உருவாக்கவில்லை. 2005இல் இளையராஜா திருவாசகத்தைப் புடாபெஸ்ட் இசைக்குழுவைக்கொண்டு பல்குரல் இசையாக்கியபோது உலகத் தமிழர் பலர் நெகிழ்ந்தனர், நானும் நெகிழ்ந்தேன். ஆனால் வயலின்களின் அந்தப் பெருவெள்ளத்தில் ஒரு யாழ் நரம்பும் இருந்திருக்கலாமே என்ற எண்ணம் எழாமலில்லை.

அண்மை ஆண்டுகளில் சென்னையில் தருண் சேகர் என்னும் இளங்கலைஞர் யாழ் செய்து, அதைக்கொண்டு புதிய பாடல்களும் வெளியிட்டு வருகிறார். தேவாரப் பண்முறைக்கும் இதற்கும் தூரம் உண்டுதான். கருவி வாசிக்கப்படுகிறது என்பதே எனக்குப் போதும். யாழ் நூற் கணக்கின்படி நரம்பு கட்டி, கோணமலைப் பதிகத்தை ஓதுவார் ஒருவர் பாட, புறநீர்மையை வாசிக்க எவரேனும் முன்வந்தால், கேட்பதற்குத் திருகோணமலைக்குப் பயணப்பட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.